நங்கூரம் என்று காட்டிய கப்பல்

காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் கேட்டே வளர்ந்த சிவராஜ், சரக்குக் கப்பலொன்றில் இரண்டாம் அதிகாரி. கடலே இல்லாத ஊரிலிருந்து கடலுக்குப் போனவன் என்று தெருவில் இன்றும் கிண்டல் உண்டு. அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கப்பலில் அவன் பொறுப்பில் உள்ள கருவிகளில் ஒன்று ஏ.ஐ.எஸ். 'நான் இன்ன கப்பல், இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் போகிறேன்' என்று சுற்றியுள்ள கப்பல்களுக்கெல்லாம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது அது. ஆனால் நங்கூரமிட்டு நிற்கிறோமா, ஓடுகிறோமா என்பதை மட்டும் மனிதன்தான் கையால் மாற்றவேண்டும்.

நங்கூரம் மேலே வந்ததும் ஏகாம்பரநாதர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு, கும்பிட்ட கையோடு கருவியில் நிலையை மாற்றுவது. இதுதான் அவன் வழக்கம். சென்ற ஐப்பசியில் சென்னைக்கு வெளியே நங்கூரம் எடுத்துத் தூத்துக்குடிக்குக் கிளம்பியபோது, கும்பிட்டுக்கொண்டிருக்கையிலேயே கேப்டன் ஏதோ கேட்டார். பதில் சொல்லப் போனவன் கருவியை அடியோடு மறந்துவிட்டான். சாமி கும்பிட்டாயிற்று, வேலை முடிந்தது என்று அந்தக் கைக்கு ஒரு நினைப்பு.

மாமல்லபுரத்தைத் தாண்டுகையில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. அப்போது மனைவி சங்கரியிடமிருந்து போனில் செய்தி வந்தது.

"ஏங்க, கப்பலு ஓடிக்கினு இருக்குது. ஆனா நங்கூரம்னு காட்டுதே."

சங்கரி, மாமனார் மயில்வாகனத்தோடு சேர்ந்து கோர்வைச் சேலை நெய்பவள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமான அந்தச் சேலைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் உட்காரவேண்டும். ஒருவர் கண்ணுக்குத் தப்பிய இழையை மற்றவர் பார்த்துச் சொல்லவேண்டும். சொன்னால், கேட்டவர் வாதம் பண்ணாமல் கையை நிறுத்திவிட்டுப் பார்க்கவேண்டும். சாப்பாட்டு நேரத்தில், புருஷனின் கப்பல் எங்கே போகிறது என்று, ஏ.ஐ.எஸ். சொல்வதை அப்படியே காட்டும் ஒரு செயலியில், போனில் பார்ப்பது அவள் பழக்கம்.

'கப்பலைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்' என்று சிவராஜுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. புருஷன் புத்தி எங்கே போகும். ஆனால் அவனும் சின்ன வயதில் அப்பாவோடு தறியில் உட்கார்ந்து கரை போட்டவன். வாதம் பண்ணாமல் போய்க் கருவியைப் பார்த்தான். நங்கூரம் என்றேதான் இருந்தது. உடனே மாற்றினான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு எண்ணெய்க் கப்பல் ரேடியோவில் அழைத்தது. இவர்கள் நிற்பதாக நினைத்து முன்னால் குறுக்கே போக இருந்தார்களாம். இப்போதுதான் மாறியதைப் பார்த்தார்களாம், பின்பக்கமாகவே போகிறார்களாம். அந்த மழையில் இரண்டும் கிட்டே வந்திருந்தால் யாரும் திருப்பியிருக்க முடியாது.

கேப்டனும் கேட்டுக்கொண்டிருந்தார். "எப்படிப்பா கண்டுபிடிச்ச?"

"நான் இல்லைங்க சார். வீட்ல சொன்னாங்க."

கேப்டன் திட்டத்தான் வாயெடுத்தார். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டு, "அந்த அம்மாவுக்கு என் நன்றியையும் சொல்லு" என்றார்.

தூத்துக்குடி சேர்ந்ததும் சிவராஜ் வீட்டுக்குப் பேசினான். "சங்கரி, நீ மட்டும் சொல்லலன்னா நாங்க யாருமே இல்லம்மா."

"தறியில ஒக்காந்துக்கினு, இழை போறத பாத்துட்டு சும்மா இருப்பாங்களா?" என்றாள் அவள். "சாப்ட்டீங்களா?"

இப்போதும் நங்கூரம் எடுத்ததும் அவன் கும்பிடுகிறான். ஆனால் முதலில் கருவி, பிறகுதான் ஏகாம்பரநாதர். அதன்பின் சங்கரிக்கு ஒரு செய்தி போகும், பார்த்துச் சொல் என்று. "சரியா இருக்குது" என்று அவள் பதில் வரும்வரை அவன் போனைக் கீழே வைப்பதில்லை.