தலைமையாசிரியரின் முகம்

அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. அங்கே அவர் தலைமையாசிரியர். கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் அவர் கை வைப்பது என் வகுப்பில்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். உதட்டைச் சுற்றியும் கண்ணோரங்களிலும் வெண்திட்டு. தாவணி முனையை எந்நேரமும் வாயருகே பிடித்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் எல்லோரையும் வீட்டிலிருந்து கண்ணாடி கொண்டுவரச் சொல்லி, அவரவர் முகத்தை வரையச் சொன்னேன். முதல் தடவை வகுப்பு முழுக்கப் பத்திரிகை அட்டையில் வரும் நடிகைகளைத்தான் வரைந்து கொடுத்தார்கள். அவளும் அப்படியே. கிழித்துப் போடவில்லை, இது யார் என்று மட்டும் ஒவ்வொருத்தியிடமும் கேட்டேன். சிரித்தார்கள். மறுபடி வரைந்தார்கள்.

அந்தப் பெண் மட்டும் வாரக்கணக்கில் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒருநாள் தாவணியைக் கீழே விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். பழுப்பு வண்ணத்தை முகமெங்கும் தீட்டி, திட்டு இருந்த இடங்களில் தாளை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டாள். மேஜைமேல் வைத்துவிட்டு, "இது நாந்தான் டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகு அவள் தாவணி தோளில்தான் கிடந்தது.

கல்வி அதிகாரி வருகிறார் என்று வராந்தாவில் கண்காட்சி வைத்தோம். அதிகாரி வருவதற்கு முன்னால் தலைமையாசிரியர் ஒரு சுற்று வந்தார். அந்தப் படத்தின் முன் நின்றார். படத்துக்குப் பக்கத்திலேயே அவளும் நின்றிருந்தாள்.

"வர்ற ஆளுக இந்த நோயைப் பாக்கவா வாராக?" என்று கேட்டுவிட்டுச் சுவரிலிருந்து பிய்த்து, இரண்டாகக் கிழித்து என் கையில் கொடுத்தார். அந்த இடத்தில் காலண்டர் லட்சுமியைப் பார்த்து யாரோ வரைந்ததை மாட்டச் சொன்னார். அவள் அழவில்லை. தாவணி முனை மட்டும் மெல்ல மேலே ஏறி வாயை மூடியது. அதைப் பார்த்த நிமிஷம் எனக்குள் விழுந்த வன்மத்தை நான் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன்.

அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெறவேண்டிய நேரம் வந்தது. ஓய்வு பெறும் தலைமையாசிரியர்களின் படத்தைக் கூடத்தில் மாட்டுவது எங்கள் வழக்கம். இளவயதுப் போட்டோ ஒன்றைக் கொடுத்து அதைப் பார்த்து வரைந்துவிடச் சொன்னார். போட்டோவைப் பார்த்து வரைந்தால் உயிர் இருக்காது, நேரில் உட்கார்ந்தால்தான் களை வரும் என்றேன். மனம் குளிர்ந்துபோனார். அதற்குள் நான் தாளாளரைப் பார்த்து, மாணவியே வரைந்தால் பள்ளிக்குப் பெருமை என்று சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தேன்.

அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "அழகா வரையணுமா டீச்சர்?" என்றாள். இருப்பதை வரை என்றேன். "அப்ப வரையுறேன்."

பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவளைப் பார்த்து எந்த வகுப்பு என்று விசாரித்தார். அவருக்கு அவள் முகமே நினைவில்லை. ஆனால் வேலை தொடங்கியதும் நிலைமை மாறியது. அவர் பேச வாயெடுத்தால், "பேசாதீக சார், வாய் கலையுது" என்பாள். குனிந்தால், "இங்குட்டுப் பாருங்க" என்பாள். ஊரையே நிற்கவைத்துப் பேசுகிறவர், அவள் பார்வைக்குக் கீழே அசையாமல் இருந்தார். வியர்த்தது. சில நாள் மாலைகள் அப்படிப் போயின. நான் ஓரமாக உட்கார்ந்து அதை ரசித்தேன்.

விழாவில் சிவகங்கையிலிருந்து வந்திருந்த விருந்தினர் திரையை விலக்கினார். சாயம் ஏறாத நரைமுடியின் வேர்கள், தளர்ந்த தாடை, பிள்ளைகளைப் பார்த்தால் ஒருபக்கமாகக் கோணும் கீழுதடு, எல்லாம் இருந்தன. நான் எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. கண்களில் பயம். தன்னை யாராவது சரியாகப் பார்த்துவிடுவார்களோ என்கிற பயம். அவரிடம் கொடுமையைத் தவிர வேறெதையும் நான் கண்டதில்லை. அவள் அதற்கு அடியில் போய்ப் பார்த்திருந்தாள். நான் நினைத்ததைவிட அது அவரை ஆழமாகக் குத்தியது.

சின்னப் பிள்ளைகள் வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. தாளாளர் எழுந்து, "அப்படியே உரிச்சு வச்சிருக்கா" என்று கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அவள் மேடைக்கு முகத்தை மூடாமல் வந்தாள். அவர் கையாலேயே அவளுக்குப் பரிசு கொடுக்க வேண்டியிருந்தது.

விழா முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் இப்படித்தான் இருக்கேனா?"

"பிள்ளைக உங்கள இப்படித்தான் பாத்திருக்காக சார்."

படத்தைக் கழற்றச் சொல்லித் தாளாளரிடம் இரண்டொரு முறை ஆள் அனுப்பினார் என்று கேள்விப்பட்டேன். தாளாளர் சம்மதிக்கவில்லை. அதன்பிறகு அவர் எந்த விழாவுக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவில்லை. போகிற மனுஷனுக்கு இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று ஆசிரியைகள் சிலர் என்னிடம் குறைப்பட்டார்கள்.

அவள் கும்பகோணத்துக்கு ஓவியம் படிக்கப் போனாள். லீவில் வரும்போதெல்லாம் என்னைப் பார்ப்பாள். ஒரு தடவை, அவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறதா என்று கேட்டேன். வரைந்து முடித்தபோதே போய்விட்டது என்றாள்.

எனக்குப் போகவில்லை.