பட்டாளத்தில் போன ஐந்து வருஷம்

"கால் ஒடிஞ்சி வந்தவன் நானு. கம்பளிய எதுக்கு ஸ்கேல் வெச்சி மடிக்கணும்? நீங்க வரும்போது ரெண்டு கையையும் ஒடம்போட ஒட்டிகினு எதுக்குப் படுக்கணும்? இது இன்னா ஆஸ்பத்திரியா, பட்டாளமா?"

பஜாரில் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர், நான் பக்கத்தில் நிற்கும்போதே டாக்டரிடம் என்னைப் பற்றிச் சொன்ன புகார் இது. நர்ஸ் தொழிலில் எதிராளியின் வாயை அடைக்க அனுமதிக்கப்பட்ட ஒரே ஆயுதம் தெர்மாமீட்டர். நான் அதை உதறி எடுப்பதற்குள் அவர் பேசி முடித்துவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "சிஸ்டர், இவர் எதிரி இல்ல, நம்ம பக்கத்து ஆளுதான். விட்டுடுங்க."

யார் எழுந்து நிற்பது

சீனச் சண்டை முடிந்த கையோடு ராணுவ நர்ஸாகப் போய், ஐந்து வருஷம் லெப்டினன்ட்டாக இருந்து, கல்யாணம் செய்துகொண்டதால் வெளியே அனுப்பப்பட்டவள் நான். திரும்பி வந்து, சுரங்க ஊரான எங்கள் தங்க வயலில் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் தற்காலிக நர்ஸாகச் சேர்ந்தேன். வயது வரம்பு தாண்டிவிட்டது. அந்த ஐந்து வருஷத்தைச் சர்வீஸில் சேர்த்துக்கொண்டால் வேலை நிரந்தரம்; சேர்க்காவிட்டால், சர்க்கார் தேர்வு செய்து அனுப்பும் பெண் வந்து இறங்குகிற அன்று நான் வீட்டுக்கு. பழைய சர்வீஸைச் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டவர்கள் உங்களில் இருந்தால், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

முதல் வாரமே ஆயா முனியம்மாவைக் கூப்பிட்டு, நான் வார்டுக்குள் நுழைந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அவள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள். "நான் பெர்மனென்ட்டு. நீங்க டெம்பரவரி. இப்ப யாரு எழுந்து நிக்கணும், நீங்களே சொல்லும்மா."

போட்டோவில் இருப்பவர்

என் சர்வீஸை உறுதி செய்யச் சொல்லி ஹெட் கிளார்க் ராணுவத்துக்கு எழுதினார். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: கமலா நடராஜன் என்று எங்களிடம் யாரும் வேலை பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும்? அங்கே நான் மிஸ் கமலா துரைசாமி.

கல்யாணச் சான்றிதழையும் யூனிபாரத்தில் எடுத்த போட்டோவையும் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தேன். போட்டோவைப் பார்த்தார், இரண்டு பிள்ளை பெற்ற என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். கான்வென்ட்டில் கற்ற இங்கிலீஷ் முழுவதையும் அவர் தலையில் கொட்டினேன். மழை விடட்டும் என்று ஒதுங்கி நிற்பவர் மாதிரி காத்திருந்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு வழி சொன்னார்: "அந்த லெப்டினன்ட் அம்மாவ ஒருதரம் நேர்ல வரச் சொல்லுங்க. உங்களத் தெரியும்னு ஒரு கையெழுத்து போட்டாங்கன்னா முடிஞ்சிது."

அவசரக்காரி

ஒருவழியாக அவளும் நானும் ஒரே ஆள்தான் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது. அடுத்த காகிதத்தில் புது வியாதி. கல்யாணம் செய்துகொண்டது என் விருப்பம். ஆகவே வேலையை விட்டதும் என் விருப்பம். தானாக விட்ட வேலை சர்வீஸில் சேராது. கல்யாணமான நர்ஸை வைத்துக்கொள்ள மாட்டோம் என்றது ராணுவம்தான் என்று நான் எழுதியதற்கு, "பார்த்தோம்" என்று மட்டும் குறிப்பெழுதித் திருப்பிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் கேஜ் என்ற கூண்டை ஏற்றி இறக்கும் இன்ஜின் ஓட்டுகிறவர். எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டார். அவசரப்பட்டால் கீழே நாற்பது பேர் கதி என்ன? அவர் சோற்றில் கைவைக்கும் நேரம் பார்த்து, "உங்களைக் கட்டிக்கொண்டதில்தான் என் ஐந்து வருஷமும் போயிற்று" என்றேன். அவர் பிசைந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "ரெண்டு வருஷம் பொறுக்கலாம்னு நான்தான் சொன்னேன். வர்ற தையிலயே முடிக்கணும்னு லெட்டர் போட்டது லெப்டினன்ட்டு."

ராஜினாமா

சர்க்கார் அனுப்பிய பெண் ஒரு திங்கட்கிழமை டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். இருபத்திரண்டு வயதிருக்கும். வந்ததும், "ஊசி கொதிக்க வைக்கிற அடுப்பு எங்க கீது அக்கா?" என்று கேட்டாள். நல்ல பெண். திட்டுவதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

என்னை யாரும் போகச் சொல்வதற்கு முன் நானே போய்விட வேண்டும் என்று, மரியாதை, நாடு, பெண்கள் என மூன்றையும் தொட்டு, இரண்டு பக்கத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். ஹெட் கிளார்க் முழுவதையும் படித்தார். கையெழுத்து அழகாக இருப்பதாகப் பாராட்டினார். பிறகு கடிதத்தை என் பக்கமே தள்ளினார். "டெம்பரவரிக்கு ராஜினாமா கெடையாதும்மா. நாளையிலேந்து வராம இருந்தாப் போதும்."

பட்டாளம் என்னை அனுப்பிவிட்டதாகச் சொல்கிறது, சர்க்கார் நானே போனதாகச் சொல்கிறது; இரண்டில் எது உண்மை என்று தயவுசெய்து ஒரு வரி எழுதிப் போடுங்கள் என்று இரு தரப்புக்கும் ரிஜிஸ்தர் தபாலில் கேட்டு, ஒன்பது வருஷமாகத் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.