தண்ணீரில் தெரிந்த கோடு

தொண்ணூறுகளின் கடைசியில், கோவையில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் இயந்திரம் அப்போதுதான் வந்திருந்தது. அதை இயக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்.

பெரியநாயக்கன்பாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் ஐஸ் பெட்டியில் பன்றி நுரையீரலோடு வந்தார். வேலை பார்த்த மில் மூடியபின் வெண்பன்றி வளர்க்க இறங்கியவர். இருமி இருமி, மூக்கில் ரத்த நுரை தள்ளி, பாதிப் பண்ணை செத்திருந்தது. தனிக் கொட்டகையில் இருந்த ஏழு சினைப் பன்றிகளுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

"அந்த ஏழு உருப்படியாச்சும் தேறுமான்னு பாத்துச் சொல்லுங்க அம்மணி" என்றார்.

அதில் இருந்தது நுரையீரலைத் தாக்கும் கிருமி ஒன்றின் கொடிய ரகம். ஏழு பன்றிகளின் மூக்குச் சளியையும் எடுத்துவரச் சொல்லிச் சோதித்தேன். கிருமி இருந்தால் சோதனையின் முடிவில் ஒரு கோடு ஒளிரும். ஏழிலும் அதே ரகத்துக்கான கோடு பளிச்சென்று ஒளிர்ந்தது. இவற்றை வைத்திருந்தால் நோய் தீராது, அழித்துவிடுங்கள் என்றேன்.

மறுவாரம் வந்தார். "சொன்னபடியே செஞ்சுபோட்டனுங்க. வயித்துல குட்டி ஓடுனது கைக்குத் தெரிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு நன்றியும் சொன்னார்.

ஒவ்வொரு சோதனையிலும் வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். அதில் கோடு வரக்கூடாது. வந்தால் சோதனைக்குச் சேர்க்கும் மருந்திலேயே கிருமியின் மிச்சம் கலந்திருக்கிறது என்று பொருள். வெளிநாட்டு மருந்தைத் தண்ணீருக்குப் போய் வீணாக்குவானேன் என்று அன்றைக்கு அதை விட்டுவிட்டேன். பிறகு ஆய்வேட்டுக்காக அதே மருந்தில் மறுபடி செய்தபோது தண்ணீரும் ஒளிர்ந்தது. மிச்சமிருந்த சளியைப் புது மருந்தில் சோதித்தேன். ஏழும் சுத்தம்.

சொல்லாமலே இருந்துவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன், வெட்கமாக இருக்கிறது. நான்காம் நாள் பஸ் ஏறினேன். அவர் காலிக் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில், ஏழையும் புதைத்துச் சுண்ணாம்பு போட்டு மூடிய குழி. எல்லாவற்றையும் சொன்னேன். கழுவிய தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, அப்ப அந்தத் தண்ணிக்கும் சீக்குன்னுதான் சொல்லியிருப்பீங்களா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசி வரை 'ங்க' போட்டுத்தான் பேசினார்.

இன்றும் சோதனை தொடங்கும்போது முதல் குழாயில் தண்ணீரைத்தான் விடுகிறேன். அதில் கோடு வராதபோதெல்லாம் நிம்மதிக்குப் பதில், சுண்ணாம்பு போட்டு மூடிய அந்தக் குழிதான் கண்ணில் வந்து நிற்கிறது.