நின்றுபோன மாத்திரை

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. சரவணம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில்தான் சித்தப்பாவோடு குடியிருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் அவள் விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகும். எனக்கு அது வித்தை. மறுபடியும் செய்து காட்டச் சொல்வேன்.

போகப்போக முகத்துத் தோல் இறுகி, வாய் சிறுத்துக்கொண்டு வந்தது. வறட்டு இருமல் பிடித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு நானும் போனேன். தோலை இறுக்குகிற அதே நோய் நுரையீரலையும் இறுக்குகிறது என்றார் டாக்டர். உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குகிறதாம்; அதை அடக்கத்தான் மாத்திரை.

"கெட்டுப்போனது திரும்பாதுங்க. மிச்சத்தைக் காப்பாத்தலாம். இதைச் சாப்பிடற வரைக்கும் கர்ப்பம் ஆகக்கூடாது. குழந்தை வேணும்னா எங்கிட்டக் கேக்காம எதையும் நிறுத்திப்போடாதீங்க."

மாத்திரை கேட்டது. குழாயில் ஊதும் பரிசோதனையில் மேற்கொண்டு இறக்கமில்லை. இருமலும் அடங்கியது. அதுவே வினையாயிற்று.

"நல்லாயிருச்சில்ல அம்மணி, இன்னும் எதுக்கு அந்தக் கருமம்?" என்றார் கொடுமுடியிலிருந்து வந்த சித்தப்பாவின் அக்கா. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றாள் சித்தி. அவர் குழந்தையே வேண்டாமென்றுதான் சொல்வார் என்றார் சித்தப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல். தங்கையின் வாழ்க்கை கெட்டுவிடுமோ என்ற பயத்தில் அம்மா வாயே திறக்கவில்லை.

மாத்திரை நின்றது. மார்கழிக் குளிரில் கொடுமுடிக்குப் போய், காவிரியில் முழுகி வேண்டிக்கொண்டோம். நடுங்கிக்கொண்டே கரையேறிய சித்தி என்னைப் பக்கத்தில் இழுத்து, "கண்ணு, உனக்குத் தம்பி வேணுமா, சித்தி வேணுமா?" என்றாள்.

ரெண்டும் வேணும் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

தம்பி வரவில்லை. இருமல்தான் வந்தது. வெயில் காலம் முடிவதற்குள் தலை சீவக்கூட அவளுக்கு மூச்சு போதவில்லை. மறுபடி மாத்திரை ஆரம்பித்தார்கள். அதற்குமேல் கெடாமல் நின்றது, போனது போனதுதான். மூக்கில் குழாயும் கட்டிலருகே ஆக்சிஜன் மெஷினுமாகச் சித்தி மாடியை விட்டு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தாள். சித்தப்பா கொஞ்ச நாள் வந்து பார்த்தார். பிறகு அவருடைய வக்கீல் வந்தார். மடங்காத விரல்களில் சித்தியால் பேனா பிடிக்க முடியவில்லை; அம்மாதான் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட வைத்தாள்.

சித்தப்பாவுக்கு மறுகல்யாணம் நடந்தது, பையன் பிறந்தான். அவருடைய அக்கா எங்கள் வீட்டுக்கும் மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். மரியாதை தெரிந்த குடும்பம்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே ஓடினேன். "சித்தி, தம்பி பொறந்துட்டான்!"

சித்தி ஒரு துணுக்குக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். மெல்லவும் மூச்சு விடவும் ஒரே நேரத்தில் அவளால் ஆகவில்லை. விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்து, "நல்லாருக்குது கண்ணு" என்றாள்.

பின்னாலேயே வந்த அம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"புள்ளையை எதுக்குங்க்கா அடிக்கறீங்க? நல்ல சேதிதானுங்க கொண்டாந்தா," என்றாள் சித்தி.

நல்ல சேதிக்கு ஏன் அடி விழுகிறது என்று அழுதுகொண்டே இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன். அடித்த அம்மாவும் ஏன் அழுகிறாள் என்பதுதான் எனக்கு அதைவிடப் புரியவில்லை.