அறைக்கு நாலு பேர்

மெல்பர்னில் எங்கள் பக்கத்து வீட்டு ஜோன் அம்மாள் ஒரு நாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, மிகுந்த மரியாதையோடு, என் வீட்டு எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று கேட்டார். இங்கேயும் எண்ணில் ராசி பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, பதினாலு என்றேன். அப்படியென்றால் இன்றைக்கு நீங்கள் செடிக்குத் தண்ணீர் விடக் கூடாதே என்றார். மழை பொய்த்து அணைகளில் நீர் இறங்கிவிட்டதால் அரசாங்கம் முறை வைத்திருக்கிறதாம். ஒற்றைப்படை வீட்டுக்கு ஒரு நாள், இரட்டைப்படை வீட்டுக்கு வேறொரு நாள், அதுவும் காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள். யாரிடமும் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள் என்று சிரித்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். நான் கையில் ரப்பர் குழாயோடு திருடன் மாதிரி நின்றேன்.

சிரிப்பு எனக்கும் வந்தது. சிவகாசிப் பக்கம் எங்கள் எம். புதுப்பட்டியில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று எந்த அரசாங்கமும் எங்களைக் கேட்டதில்லை. தண்ணீரைக் கொடுத்தால்தானே அதைச் சொல்ல முடியும். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் தெருவே கல்யாண வீடாக இருக்கும். வராத நாட்கள்தான் அதிகம். மற்ற மாவட்டங்களுக்கு ஆறு, காடு, கடல் என்று இயற்கை வளம். எங்களுக்கு வெயில். கண்மாய் வற்றி, காட்டு வேலை இல்லாமல் போனபோது, இந்த வெயிலுக்குத் தோதான தொழில் என்று தீப்பெட்டியும் பட்டாசும் வந்தன. வெடிமருந்து காய வெயில் வேண்டும், மழை தொந்தரவு செய்யக் கூடாது. அடுத்தவர் நிலத்தில் களை பறித்த குடும்பங்கள் எல்லாம் கம்பெனி வேனில் ஏறின. வறட்சியையே தொழிற்பேட்டையாக்கிக் காட்டியவர்கள் என்று எங்களை மேடைகளில் பாராட்டினார்கள். பாராட்டியவர்கள் பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினார்கள்.

சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் மெசின் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் நானும் இரண்டு வருடம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தேன். என் அக்கா பேச்சியம்மாள் அங்கே எனக்கு முன்பே சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அறைச் சுவரிலும் சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும்: நாலு பேர் மட்டும். விபத்து நடந்தால் சேதம் நாலு பேரோடு நிற்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் போட்ட விதி அது. அறையைக் கட்டியவர், சுவரில் எழுதியவர், எழுதச் சொன்ன அதிகாரி எல்லோரும் அந்த விதியை மனதார நம்பினார்கள். தீபாவளி சீசன்தான் நம்பவில்லை. ஆர்டர் குவிந்தால் அந்த நாலு பேர் அறையில் ஒன்பது பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். ஆபீசர் வருகிற ஜீப் ரோட்டிலிருந்து திரும்பியதும் வாட்ச்மேன் விசில் கொடுப்பார். கூடுதல் ஐந்து பேர் பின்பக்கமாக இறங்கி ஓடைக்குள் சீமைக்கருவேலம் புதரில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். யார் இருப்பது, யார் ஓடுவது என்று காலையிலேயே முடிவாகிவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஓட வேண்டும். ஓடும்போது இரண்டு பொருளை மறக்கக் கூடாது: தூக்குச்சட்டி, செருப்பு. அறைக்குள் வெறுங்காலோடுதான் இருக்க வேண்டும் என்பதால் செருப்புகள் வாசலில் கிடக்கும். நாலு பேர் அறை வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்பு கிடந்தால் ஆபீசருக்குச் சங்கடம் அல்லவா? அவருக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்வதைத்தான் எங்கள் ஊரில் பாதுகாப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்தப் படிப்பு என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. மெல்பர்னில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் சேர்ந்து மூன்று வாரம் இருக்கும். சூப்பர்வைசர் டேவிட் காலைக் கூட்டத்தில், இன்று பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார். என் மெசின் பக்கத்துப் பலகையில் ஆபரேட்டர்கள் இரண்டு பேர் என்று போட்டிருந்தது. அன்றைக்கு நாங்கள் மூன்று பேர் நின்றோம். புதியவன் நான்தான். வாசலில் கார் வந்து நின்றதைப் பார்த்ததும், ஒருவரும் சொல்லாமலே, ஆணியில் தொங்கிய என் ஜாக்கெட்டையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போய், மரப்பலகை அடுக்குக்குப் பின்னால் ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் குந்திக்கொண்டேன். கம்பெனியைக் காப்பாற்றிய நிம்மதியில் அரைமணி நேரம் போயிற்று. உள்ளே இன்ஸ்பெக்டர், தீ விபத்து ஒத்திகை செய்து காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மணி அடித்து, எல்லோரும் வெளியே வந்து வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டு எண்ணியிருக்கிறார்கள். ஒரு ஆள் குறைகிறது. எங்கள் ஊரில் ஆள் கூடினால்தான் பிரச்சினை. இங்கே குறைந்தால் பிரச்சினை. மஞ்சள் தொப்பி போட்ட இரண்டு பேர் என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு கட்டடத்தையே சல்லடை போட்டுத் தேடியிருக்கிறார்கள்.

மரத்தடியில் என்னைக் கண்டுபிடித்த டேவிட்டின் முகம் வெளுத்திருந்தது. ஏன் வெளியே வந்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மெசினில் ஒரு ஆள் அதிகம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், போய்ப் பலகையைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரிடம் ஏதோ சொன்னார். விதிக்கு மேல் ஆள் நின்றதை எதிர்த்து நான் வேலையை விட்டு வெளிநடப்பு செய்துவிட்டதாக இருவரும் புரிந்துகொண்டார்கள். அடுத்த வாரக் கூட்டத்தில் கைதட்டலோடு எனக்கு ஒரு காபிக் கோப்பை கொடுத்தார்கள். இந்த மாதத்தின் பாதுகாப்பு வீரன் என்று அதில் அச்சடித்திருந்தது. ஓடி ஒளிந்ததற்கு விருது வாங்கிய ஒரே சிவகாசிக்காரன் நான்தான் என்று நினைக்கிறேன். அதோடு விட்டிருக்க வேண்டும். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஒரு வார்த்தை சொன்னதும் ஒரு கம்பெனி ஆளைக் குறைக்கிறது, பலகையைச் சரிபார்க்கிறது; இந்த மந்திரத்தை ஊரில் யாருமே முயன்று பார்க்கவில்லையே என்று தோன்றியது.

ஆவணி மாதம் அக்கா போனில் பேசும்போது, அறையில் இப்போது பத்துப் பேர், கையை நீட்டக்கூட இடமில்லை என்றாள். மருந்து வாசத்தில் ராத்திரிச் சோறு இறங்கவில்லை என்றும் சொன்னாள். நான் அன்றைக்கே உட்கார்ந்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மூன்று பக்கம் எழுதினேன். எந்தக் கம்பெனி, எந்த அறை, எத்தனை பேர், விசில், ஓடை, செருப்பு, ஒன்று விடவில்லை. ஊரில் புகார் எழுதுகிறவன் பேர் போட மாட்டான், போட்டாலும் அடுத்தவன் பேரைப் போடுவான். நான்தான் கோப்பை வாங்கிய வீரன் ஆயிற்றே. கீழே என் முழுப் பெயர், ஆஸ்திரேலியா முகவரி, எந்த ஊர், யாருடைய தம்பி என்பது வரைக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தபால்பெட்டியில் போட்டபோது பெருமையாக இருந்தது. இன்று நினைத்தால் அந்தக் கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புரட்டாசியில் அக்காவே கூப்பிட்டாள். அவள் எனக்குப் போன் செய்தால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்பதால் பதறி எடுத்தேன். என் கடுதாசியின் நகலை, விளக்கம் கேட்டு அலுவலகம் கம்பெனிக்கே அனுப்பியிருக்கிறது. பிறகு ஆபீசர்கள் வந்திருக்கிறார்கள்.

"அறை அறையாப் போயி எண்ணிப் பாத்தாக தம்பி. எல்லாத்துலயும் நாலு பேருதான் இருந்தோம். செருப்பும் நாலு சோடிதான். சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாக."

முதலாளி வைதாரா என்று கேட்டேன். வையவில்லையாம். அக்காவைக் கூப்பிட்டு, உன் தம்பி வெளிநாட்டிலிருந்து சட்டம் பேசுகிறார், இனிமேல் நாம் சட்டப்படியே நடப்போம் என்று சொல்லியிருக்கிறார். சொன்னபடியே நடந்தார். அறைக்கு நாலு பேர் போக மிச்சமிருந்தவர்களைக் கம்பெனிக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். வேலையை நிறுத்தவில்லை. மருந்து அடைத்த வெடிகளைச் சாக்கில் கட்டி வேனில் அனுப்பி, வீட்டில் வைத்துச் சரம் பின்னித் தரச் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் எட்டு வீட்டுக்கு மூட்டை இறங்குகிறது. முதல் வீடு அக்கா வீடு. சட்டம் அறையைத்தான் எண்ணும். வீட்டை எண்ணுவதற்குச் சிவப்புப் பெயின்ட் இன்னும் வாங்கவில்லை.

"யக்கா, வீட்டுல அடுப்பு எரியுமே" என்றேன்.

"எரியத்தான் செய்யும். சோறு பொங்க வேண்டாமா? அதுக்கும் ஒரு கடுதாசி போடுறியா?"

போட முடியாது. வீட்டில் வெடி வைத்திருப்பது குற்றம். இப்போது நான் புகார் எழுதினால் ஆபீசர் வந்து பிடிக்க வேண்டியது முதலாளியை அல்ல, என் அக்காவை. இந்தச் சட்டத்தை எழுதியவர்களின் மூளையை நான் குறைத்து எடை போட்டுவிட்டேன். வேலையை விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

"நீ கடுதாசி போட்டதுனாலதான் இந்த மூட்டையெல்லாம் தெருவுக்கு வந்துச்சு. மத்த ஏழு வீட்டுலயும் பிள்ளைக்காரிகதான் இருக்காளுக. அவளுக பின்னிக்கிட்டிருக்கையில நான் மட்டும் தப்பிச்சு உக்காந்திருந்தா, அவளுக மூஞ்சில நான் எப்படிலே முளிப்பேன்?"

கடைசியில் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அக்கா விடிவதற்கு முன்பே மூட்டைகளைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பாள். சோறும் குழம்பும் இறக்கியதும் தண்ணீர் தெளித்து அடுப்பை அணைத்துவிட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அங்கே காலை ஆறரை, இங்கே மதியம் பன்னிரண்டு. பிரஸ் கேன்டீனில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் முன்னால் வைத்துக்கொண்டு நான் காத்திருப்பேன். அவள் அடுப்பு அணையாமல் எனக்கு வாயில் வைக்க முடியாது. தினமும் பார்த்துவிட்டு டேவிட், விரதமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எந்தச் சாமிக்கு என்றார். அடுப்புக்கு என்றேன். நெருப்பைக் கும்பிடுகிறவர்கள் போல என்று நினைத்திருப்பார்; பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, தன் சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்.

நேற்று இங்கே வெயில் நாற்பதைத் தாண்டியது. மாநிலம் முழுக்க நெருப்புத் தடை, வெட்டவெளியில் யாரும் தீ மூட்டக் கூடாது என்று ரேடியோவில் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்னால் கேட்கிற ஊர், ஒரு வீட்டிலும் புகை இல்லை. பன்னிரண்டரை ஆகியும் அக்காவின் கால் வரவில்லை. நானே கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. சங்கு ஊதி எல்லோரும் எழுந்தார்கள். மெசின் பக்கம் செல்போன் கொண்டுபோகக் கூடாது, கவனம் சிதறிக் கை போய்விடும் என்பது இங்கே கண்டிப்பான விதி. வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எல்லோரும் போட்டார்கள். பாதுகாப்பு வீரன் தன் போனைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனான். மெசின் ஓடியது. கையிரண்டும் மெல்பர்னில் தாளைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தன, வலது கணுக்கால் மட்டும் எம். புதுப்பட்டியில் அக்கா வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது. ஒரு மணிக்கு மேல் அது ஒரு தடவை அதிர்ந்து ஓய்ந்தது. நேற்றைக்கு அடுப்பு அணைந்துவிட்டது, அவ்வளவுதான். இன்றைக்கும் அவள் அடுப்புப் பற்ற வைத்தாக வேண்டும்.