இருமினால் மட்டும் வந்த குரல்

என் குரல் போய்விட்டதை முதலில் கண்டுபிடித்தவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். சிலிண்டருக்காகப் போனுக்கு வந்திருந்த ஓடிபி நம்பரைச் சொல்லச் சொன்னார். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. "என்னக்கா, தொண்டை கட்டிக்கிருச்சா?" என்று கேட்டுவிட்டு, என் போனை வாங்கி அவரே பார்த்துக்கொண்டார்.

எப்போது போனது என்று எனக்கே தெரியாது. முந்தின நாளாக இருக்கலாம், அதற்கும் முன்பாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் குரல் தேவைப்படும் வேலை எதுவும் எனக்கு இல்லை. கணவர் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறார். சீசனில் வடக்கிலிருந்து ஆர்டர் குவியும், சாப்பிடும்போதும் காதில் போன் இருக்கும். தட்டைத் தள்ளினால் இன்னும் கொஞ்சம் சோறு, கையை உயர்த்தினால் 'போதும்' என்று அர்த்தம். கோயம்புத்தூர் விடுதியில் படிக்கும் மகள் மெசேஜ்தான் அனுப்புவாள். நானும் அப்படியே.

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதாவிட்டால் பொய்யாகிவிடும்.

சளி, சூடு என்று உள்ளூரில் மாத்திரை தின்று பார்த்துவிட்டு மதுரைக்குப் போனோம். மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பி (மெல்லிய குழாயில் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். குரல்நாண்கள் நன்றாகவே இருந்தன. "இருமுங்க" என்றார் டாக்டர். இருமினேன். கணீரென்று சத்தம் வந்தது. கணவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"நடிக்கிறாங்கன்னு நினைக்காதீங்க" என்று டாக்டர் அவரிடம் சொன்னார். செயல்சார் குரலிழப்பு (உறுப்பில் கோளாறு இல்லாமலே குரல் நின்றுபோவது) என்று சீட்டில் எழுதினார். இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு நானும் அதையே சொல்கிறேன். நீங்கள் நடிக்கவில்லை. எனக்கு நடிக்கத் தெரிந்திருந்தால் எப்போதோ நடித்துக் காரியம் சாதித்திருப்பேன்.

"வீட்டுல யார்கூட பேசுவீங்க?" என்று டாக்டர் கேட்டார். யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கணவர், "அவளுக்கு ஒரு கொறையும் வைக்கல சார்" என்றார்.

பேச்சுப் பயிற்சி (இருமலிலிருந்து முனகல், முனகலிலிருந்து சொல் என்று குரலை மெல்ல வெளியே கொண்டுவருவது) எழுதிக்கொடுத்தார்கள். "அது போதாது. தினமும் ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்து இவங்ககூட பேசணும்" என்றார் டாக்டர்.

"ஏற்பாடு பண்ணிருவோம் சார்."

வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலையில் முன்னறையில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டேன். புதுப்புடவை ஒன்றுதான் கட்டவில்லை. அவர் குளித்துவிட்டு வந்து காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சற்று நேரத்தில் வாசல் மணி அடித்தது. கம்பெனியில் சரவெடி பின்னும் சண்முகத்தாய் நின்றாள்.

"மொதலாளியம்மா, உங்ககூட பேசிக்கிட்டு இருக்கச் சொல்லி மொதலாளி அனுப்புனாக. சாப்பிட்டீகளா?"

லோடு ஏற்ற ஆள் குறைந்தால் ஆள் போடுவார். பேசவும் ஆள் போட்டுவிட்டார். சமையலறைக்குப் போய் அழுதேன். அழுகைக்கும் சத்தம் வரவில்லை.

கூலிக்கு வந்தவள்தான், ஆனால் அவள் கூலிக்குப் பேசவில்லை. வீட்டுக்காரர் குறட்டை, மருமகளின் கோபம், பஸ்ஸில் நடந்த சண்டை என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். நடுவில் நிறுத்தி, "நாஞ் சொல்றது சரிதான?" என்று என் முகத்தைப் பார்ப்பாள். என் பதிலுக்கு ஒருவர் காத்திருந்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரு நாள் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கொண்டுவந்த திருநீற்றை என் தொண்டையில் பூசிவிட்டாள். விரல்கள் சொரசொரவென்றிருந்தன. யாரோ என்னைத் தொட்டார்கள் என்பதையே உடம்பு நம்ப மறுத்தது. தோள்கள் நடுங்கின. "என்னம்மா செய்யுது?" என்று பதறினாள்.

"நீ சாப்பிட்டியா?" என்றேன்.

உடைந்துதான் வந்தது. ஆனாலும் என் குரல். இரண்டு பேரும் அழுதோம்.

அன்றிரவு கணவர் சந்தோஷப்பட்டார், உண்மையாகவே. "அதான் சரியாயிருச்சுல்ல, சரம் பின்ன ஆள் பத்தல" என்று மறுநாளே சண்முகத்தாயைக் கம்பெனிக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்.

இப்போது தொண்டை என் உடம்பில் தனி ஆளாக இருக்கிறது. எழுந்ததும் இருமி, குரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். கிழமைகள் மறந்துபோகின்றன. பேசிய நாள், பேசாத நாள் என்று இரண்டுதான் தெரிகிறது.

தீபாவளி முடிந்து, சீசன் ஓய்ந்து, அவர் வீட்டில் இருந்தார். ஒரு நாள் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். சிறுபிள்ளைத்தனம்தான். அவராகக் கேட்கட்டும் என்றிருந்தேன். அன்று கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் காபியை வைத்தபோது போனிலிருந்து நிமிர்ந்தார்.

"என்ன, மறுபடியும் போச்சா?"

அவர் முகத்தில் கவலை இருந்தது. எதிர் நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

"சண்முகத்தாய வரச் சொல்லவா?"

"வரச் சொல்லுங்க" என்றேன். குரல் கணீரென்று வந்தது. அவர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.