பள்ளிக்கு மதிப்பெண் போடப் போனேன்

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று பார்க்க, நான் வேலை பார்க்கும் வெளிமாநில நகரின் கராடிப் பகுதியில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் இருக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கு இன்று போனேன். அலுவலகப் புத்தி போகுமா? எக்செலில் இருபது கேள்விகளோடு போனேன்.

கழிவறையில் தண்ணீர் வந்தது. பிள்ளைகள் பயமில்லாமல் டீச்சரிடம் கேள்வி கேட்டார்கள். மதியக் கிச்சடியை ஆசிரியை ருசி பார்த்த பிறகுதான் பரிமாறினார்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தேன்.

தலைமையாசிரியை சேர்க்கைப் படிவத்தை நீட்டி இந்தியில் கேட்டார்: "நானும் ஒண்ணு கேக்கலாமா? நீங்க மீட்டிங்ல மாட்டிக்கிட்டா பாப்பாவை யார் கூட்டிட்டுப் போவாங்க? பக்கத்துல இருக்கற ரெண்டு பேரோட பேரும் நம்பரும் எழுதுங்க."

கணவர் சென்னையில். போனில் இந்த ஊர் எண்களைத் தேடினேன். பால்காரர், பிளம்பர், கேஸ், லிஃப்ட் ரிப்பேர். இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. எதிர் வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"வீட்டுல கேட்டுட்டு வந்து எழுதறேன் மேடம்" என்றேன். வீட்டில் கேட்க யார் இருக்கிறார்கள், அந்த ஐந்து வயதுக்காரியைத் தவிர?

அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "அவசரமில்ல. அதுவரைக்கும் பென்சில்ல என் பேரை எழுதிக்கோங்க" என்றார்.

பள்ளிக்கு இருபதுக்குப் பதினெட்டு. என் மதிப்பெண்ணை மட்டும் கேட்காதீர்கள்.

கராடிப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பேனாவால் எழுத வேண்டிய இரண்டு வரிகள் காலியாக இருக்கின்றன.